காகிதத்தின் கனம்

சென்ற கோடை விடுமுறையில், கத்தரிக்கோலும் பசைப் புட்டியுமாகப் பங்கு இல்லத்துத் திண்ணையில் நான் அமர்ந்திருந்ததைக் கண்ட பலரும், சாமியாருக்கு என்ன நேர்ந்தது என்று தமக்குள் பேசிக்கொண்டதாக அறிகிறேன். ஐம்பதைக் கடந்த ஒருவர் சிறுவர்களோடு அமர்ந்து காகிதத்தில் விமானம் செய்கிறார் என்றால் சிரிப்பு வருவது இயல்பே. சிரித்தவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த விமானத்தை முன்னிட்டு ஒரு சிறுவனுக்கு நான் ஓர் அநீதி இழைத்தேன். அதைத் தோல்தொழிலில் கை பழகிய ஒருவர் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு எனக்குக் காட்டிக்கொடுத்தார். அந்தக் கதையை எழுதி வைத்தால், வீட்டில் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோர்க்கும் நான் இடறிய இடங்கள் தெரியவரும்.

முதலில் விமானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ராணிப்பேட்டையிலிருந்து கிழக்கே, வான்வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அரக்கோணம் இருக்கிறது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானபோது அரக்கோணமும் இதனோடு சேர்ந்தது. அங்கே இந்தியக் கடற்படையின் ‘ராஜாளி’ விமானத்தளம் உள்ளது. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்காத சிறுவன் இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிச் செல்லும் பெரிய விமானங்களுக்கு நீண்ட ஓடுதளம் வேண்டும். அரக்கோணத்து ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளம் ஒன்றே பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டு, 1992 மார்ச் 11 அன்று ‘ராஜாளி’ என்ற பெயரோடு கடற்படைப் பணிக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் குடியிருந்தது ரஷ்ய நாட்டின் துப்பலேவ்-142 என்னும் விமானம். 1988-இல் இவ்வகையில் எட்டு விமானங்கள் நம் நாட்டிற்கு வந்து, முதலில் கோவாவில் இருந்து, பின்பு அரக்கோணம் சேர்ந்தன. மூக்கிலிருந்து வால் வரை 53 மீட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 50 மீட்டர். நான்கு எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழல்பவை. விசிறிக்கு நான்கு அலகு என்று கணக்கிட்டால் மொத்தம் 32 அலகுகள். அவை எழுப்பும் ஓசையை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்றை விசாகப்பட்டினத்துக் கடற்கரைச் சாலையில் காட்சிப்பொருளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மறைக்கல்வி வகுப்பில் பயிலும் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தன் ஆறாம் வயது வரை, விடுமுறைதோறும் அரக்கோணத்தை அடுத்த சிற்றூரில் இருந்த பாட்டியின் வீட்டிற்குச் செல்வானாம். அந்த விமானம் தாழப் பறந்து இறங்கும்போது ஓட்டுக்கூரை அதிர்ந்து தூசி கொட்டுமாம். பாட்டி சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு, “உன் யானை போகுது பாரு” என்பாராம். பாட்டி இப்போது இல்லை, விமானமும் இல்லை. விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கைவேலை ஏதேனும் வைக்கலாம் என்று நான் கேட்டபோது, “துப்பலேவ் செய்யலாம், ஃபாதர்” என்று அவன் சொன்னதன் காரணம் அதுதான்.

காகிதத்தில் விமானம் என்றதும் பள்ளி நோட்டுத் தாளை மடித்து எறியும் அம்பை நினைத்துவிடக் கூடாது. விமானத்தின் மேலுறை முழுவதையும் விரித்து, வண்ணத்தோடு தாளில் வரைந்திருப்பார்கள். அதை வெட்டி, வளைத்து, உள்ளே வட்டத் தட்டுகள் வைத்து ஒட்டினால் அசல் விமானத்தின் சிறு உருவம் கிடைக்கும். போலந்து நாட்டில் இந்தக் கலைக்கென்றே 1957 முதல் ஓர் இதழ் வெளிவந்தது. அங்கே அசலில் 33-இல் ஒரு பங்கு என்னும் அளவு மிகவும் பழக்கமானது. பிளாஸ்டிக்கில் விற்கும் மாதிரிகளின் விலையை ஒருமுறை விசாரித்தேன், மறுமுறை விசாரிக்கவில்லை. காகிதம் நம்மைப் போன்ற பங்குகளுக்கு ஏற்றது.

வெளிநாட்டு ஆர்வலர் ஒருவர் இணையத்தில் இலவசமாக வைத்திருந்த தாள்கள் எங்களுக்குக் கிடைத்தன. 50-இல் ஒரு பங்கு அளவில், 24 பக்கங்கள். அப்படியே செய்தால் விமானம் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். வகுப்பறையில் அதை வைக்க இடமில்லை. 24 பக்கங்களைத் தடித்த தாளில் வண்ணத்தில் அச்சிடும் செலவை எண்ணி என் மனமும் சுருங்கியது. ஆகவே, பாதியாகக் குறைத்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். அளவு பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். 24 பக்கங்கள் 6 பக்கங்களுக்குள் அடங்கிவிட்டன. இந்தக் கணக்கில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. மிச்சப்பட்ட 18 தாள்களின் விலை பின்னால் வேறு வகையில் வசூலானது.

முதல் நாள் உடற்பகுதித் தாள்களை 50 விழுக்காடு என்று எண்ணிட்டு அச்சிட்டேன். அன்று மாலை யாரோ திருமண ஓலை எழுத வந்ததால் வேலை நின்றது. மறுநாள் இறக்கைத் தாள்களை அச்சிடும்போது, ‘ஒரு தாளில் நான்கு பக்கம்’ என்னும் வசதி கண்ணில் பட்டது. நான்கு பக்கம் ஒரு தாளில் என்றால் அதுவும் பாதிதானே என்று அதை அழுத்தினேன். பிரின்டர் தாளின் நான்கு புறமும் தனக்கென்று ஓர் ஓரம் விட்டுக்கொள்ளும் என்பதும், அந்த ஓரத்திற்காக உள்ளே இருக்கும் படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் சுருக்கிவிடும் என்பதும் அப்போது என் சிந்தைக்கு எட்டவில்லை.

வெட்டும் வேலையை அந்தச் சிறுவனே பெரும்பாலும் செய்தான். அவனுடைய கை மிகச் சீரான கை. கோட்டின்மேல் வெட்டாமல் கோட்டின் வெளி விளிம்பை ஒட்டி வெட்டுவான். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக் கோட்டில் ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டால் தாள் முறியாமல் மடியும் என்பதை ஒருமுறைதான் சொன்னேன், பிடித்துக்கொண்டான். தாளுக்கும் மரத்தைப் போல நார் ஓட்டம் உண்டு. ஒரு பக்கமாக எளிதில் வளையும், மறு பக்கமாக முரண்டும். உடற்குழாயைச் சுருட்டும்போது அந்த ஓட்டம் குழாயின் நீளவாக்கில் இருக்கவேண்டும். இதை அவன்தான் எனக்குக் காட்டினான்.

அப்படியிருந்தும் ஒன்றும் பொருந்தவில்லை. உடற்குழாயின் உள்ளே வைக்கவேண்டிய வட்டத் தட்டுகள் குழாய்க்குள் நுழைய மறுத்தன. தள்ளினால் ஒட்டிய விளிம்பு பிளந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதற்கான வெட்டுவாய்களில் அட்டை நுழையாமல் கிழிந்தது. ஒட்டுவதற்கென்று விட்டிருந்த ஓரங்கள் இரண்டு மில்லிமீட்டருக்குள் சிறுத்துப்போய், பசை தடவினால் விரலில்தான் ஒட்டின. எல்லாவற்றிற்கும் மேலாக, இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடித்தபோது, அடிப்பாகத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தது.

பங்குத் திருவிழாவிற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரம் எனக்கு. அன்று வெயிலும் கடுமை. மற்றப் பிள்ளைகள் பத்துப் பேர் சுற்றி நிற்கையில் அந்த இறக்கையைத் தூக்கிப் பிடித்து, “கோட்டைப் பார்த்து வெட்டத் தெரியாதா? இத்தனை தாளும் வீண். கவனம் இல்லாதவனிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தது என் தவறு” என்று சொன்னேன். சொற்களை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அவன் மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தான். அதன் வாயை மூடி வைத்தான் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் திருப்பலியில் அவனைக் காணோம்.

மூன்றாம் வாரம் ஒரு மாலையில் அவனுடைய தகப்பனார் வந்தார். அவரை நான் அதிகம் அறியேன். கோவில் பக்கம் வருவது குறைந்துபோனவர். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாட்டர்ன் கட்டராக இருந்தவர். காலணியின் மேல்தோலுக்கு எந்தத் துண்டு எந்த வடிவில் வெட்டப்படவேண்டும் என்று அட்டையில் அச்சு வெட்டிக் கொடுப்பது அந்த வேலை. அதைக் கணினி செய்யத் தொடங்கியபின் இவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பின்பு ஆட்குறைப்பில் வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை என்று அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவரோ, “சாமி, அந்த விமானத் துண்டுங்களைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டார். எடுத்து வைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு எஃகு அளவுகோலை எடுத்தார். ஓரம் தேய்ந்து பளபளவென்றிருந்தது. வெட்டிய துண்டுகளை அவர் அளக்கவில்லை. அச்சுத் தாளின் மூலையில், யாரும் கவனிக்காத இடத்தில், ஒரு சிறு கோடு இருந்தது. அசல் தாளில் அது 10 சென்டிமீட்டர் என்று குறிக்கப்பட்டிருந்தது. பாதியாகக் குறைத்தால் 5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். உடற்பகுதித் தாளில் அளந்தார். சரியாக 50 மில்லிமீட்டர். இறக்கைத் தாளில் அளந்தார். அளவுகோலை நகர்த்தாமல் என் பக்கம் திருப்பினார். 48-க்கும் 49-க்கும் நடுவில் நின்றது.

“பையன் வெட்டினது சரியாத்தான் இருக்கு, சாமி. அச்சுலயே குறைஞ்சுபோச்சு” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தொழிற்சாலையில் ஒரு லாஸ்ட்டைப் பற்றியோ ஒரு அப்பரைப் பற்றியோ சொல்வதைப்போல் சொன்னார். எனக்கோ அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. தட்டு ஏன் நுழையவில்லை என்பதையும் விளக்கினார். அவர் சொன்னதை என் நடையில் தருகிறேன். காலணியில் 6-ஆம் எண்ணிலிருந்து 7-ஆம் எண்ணுக்குப் போனால், ஆங்கிலக் கணக்கில் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடும். பிரெஞ்சுக் கணக்கில் ஓர் எண்ணுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. எண்ணுக்கு எண் இப்படிப் பாட்டர்னைப் பெரிதாக்குவதையும் சிறிதாக்குவதையும் கிரேடிங் என்பார்கள். ஆனால், துண்டு பெரிதானாலும் சிறிதானாலும் தையலுக்கென்று விடும் ஓரம் மாறக்கூடாது. கயிறு கோக்கும் ஓட்டையின் விட்டம் மாறாது. தோலின் கனமும் மாறாது. ஐந்தாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் அதே தோல்தான். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட்டால், தையல் ஊசி நிற்க இடமில்லாத காலணிதான் கிடைக்கும். புதிதாகச் சேரும் பையன்கள் செய்யும் முதல் தவறு இதுவாம். குருமடத்தில் தேறி முப்பது ஆண்டுகளாகக் குருத்துவப் பணி செய்யும் நானும் அதே தவற்றைச் செய்திருந்தேன்.

காகிதத்திலும் அதுவே நடந்தது. படத்தைப் பாதியாக்கினேன், தாளின் கனம் பாதியாகவில்லை. நாங்கள் எடுத்த தடித்த தாள் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனம் உள்ளது. அசல் அளவில் அது ஒரு பொருட்டல்ல. மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த குழாயில், மேலுறை ஒன்று, உள்ளிணைப்புப் பட்டை ஒன்று என்று இரண்டு தாள் சேரும்போது, அந்த மயிரிழைக் கனமே தட்டை வெளியே தள்ளிவிடுகிறது. வெட்டுவாயின் கதை இன்னும் தெளிவு. 1 மில்லிமீட்டர் அட்டைக்காக வரைந்த வெட்டுவாய் பாதியானதும் அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டது. நாங்களோ அதே 1 மில்லிமீட்டர் அட்டையைத் திணித்துக்கொண்டிருந்தோம். கிழியாமல் என்ன செய்யும்?

அளவை மாற்றினால் பொருளின் தன்மை அதே விகிதத்தில் மாறி வராது என்பதைக் கலிலேயோ 1638-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பை அப்படியே பெருக்கியது போல் இருந்தால் அதன் உடலைத் தாங்காது. விகிதத்தை மீறித் தடிக்கவேண்டும் என்று படம் வரைந்தும் காட்டியிருக்கிறார். தத்துவ வகுப்பில் இதைப் படித்துத் தேர்வில் எழுதியவன் நான். அந்த அறிவு என் விரல்களுக்கு இறங்கி வரவில்லை.

அன்றிரவே அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். சிறுவன் வாசலில் நின்றான். அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்பது எளிது. ஆனால் கடிந்துகொண்டது பத்துப் பேர் முன்னிலையில். ஆகவே அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், அதே பிள்ளைகள் முன்பாக, இரண்டு தாள்களையும் அளவுகோலையும் மேசையில் வைத்து, அவர்களையே அளக்கச் சொன்னேன். பிறகு, “தவறு வெட்டியவனுடையது அல்ல, அச்சிட்டவனுடையது. அச்சிட்டவன் நான்” என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “அப்போ ஃபாதர் கிட்டத்தான் கத்தரிக்கோல் கொடுக்கக்கூடாது” என்றாள். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான் என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் வேலை தகப்பனார் கைக்குப் போயிற்று. தினமும் மாலையில் வருவார். புதிதாக அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும் முதலில் அந்த மூலைக் கோட்டை அளப்பார். அளந்தபின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத தாளை யாரும் வெட்டக்கூடாது. மேலுறையைத் தொடவில்லை, உள்ளே செல்லும் தட்டுகளின் விளிம்பை மட்டும் உப்புத்தாளில் ஒரு சுற்றுத் தேய்த்து, நுழைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பசை இல்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே பசைக்கு அனுமதி. 1 மில்லிமீட்டர் அட்டைக்குப் பதிலாகப் பழைய திருமண அழைப்பிதழ்களின் அட்டையைத் தேடி எடுத்தார். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம் உள்ளவை பங்கு இல்லத்தில் எத்தனையோ கிடந்தன. சிறுத்துப்போன ஒட்டு ஓரங்களைப் பென்சிலால் நான்கு மில்லிமீட்டருக்கு அகலமாக வரைந்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டும் இடங்களில், தோலின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கும் ஸ்கைவிங் வேலையைக் காகிதத்திலும் செய்தார்: தாளின் அடிப்பக்க ஓரத்தை உப்புத்தாளால் இழைத்துவிட்டால் ஒட்டிய இடம் மேடாகத் தெரிவதில்லை. வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியாமல் சாம்பல்நிறப் பென்சிலால் தீற்றும் வேலை சிறுமிகளுக்கு. வீட்டு பிரின்டரின் மை, நீர் கலந்த வெள்ளைப் பசை பட்டால் ஊறிப் பரவும்; பசையைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்துத் தொட்டு வைக்கும் பொறுமை இருந்தால்தான் இந்த வேலை. அந்தப் பொறுமை எனக்கில்லை என்று முடிவாகியிருந்தபடியால், நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

32 விசிறி அலகுகளைத் தந்தையும் மகனும் சேர்ந்து ஒரே மாலையில் வெட்டினார்கள். அசலில் ஒரு விசிறியின் விட்டம் 5.6 மீட்டர், எங்களுடையது 5.6 சென்டிமீட்டர். முன்விசிறியும் பின்விசிறியும் எதிர்த்திசையில் சுழல்பவையாதலால், அலகுகளின் முறுக்கும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கவேண்டும். வலக்கால் காலணி, இடக்கால் காலணி என்று தகப்பனார் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார். பையன் அவரைப் பார்த்து, “ஃபேக்டரில இதுதான் பண்ணுவீங்களாப்பா?” என்று கேட்டான். பதினான்கு ஆண்டுகளில் அவன் கேட்டிராத கேள்வி அது என்று எனக்குத் தோன்றியது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த அலகை வைத்துவிட்டு, காலணி எவ்வாறு உருவாகிறது என்று தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் ஜெபமாலைக்கு மணியடிக்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு விமானம் முடியவில்லை. ஆறு நாள் தாமதம். இப்போது அது மறைக்கல்வி அறையின் கூரையிலிருந்து நைலான் கயிற்றில் தொங்குகிறது. இடப்பக்க இறக்கை சற்றுத் தாழ்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது, மற்றவர்கள் இல்லை என்கிறார்கள்.

அடுத்து போயிங் பி-8ஐ செய்யவேண்டுமென்று பையன் தொடங்கிவிட்டான். 2013 மே மாதத்தில் முதலாவது விமானம் அரக்கோணத்திற்கு வந்திறங்கியது. துப்பலேவ்களின் இடத்தில் இப்போது பறப்பது அதுதான். 100-இல் ஒரு பங்கு அளவில் இறக்கை 37.6 சென்டிமீட்டர் வரும். துப்பலேவைப் போல ஓட்டுக்கூரை அதிர ஓசை எழுப்புவதில்லை என்று அவனுக்குச் சிறு வருத்தம். சென்ற சனிக்கிழமை முதல் தாளை நான் அச்சிட்டுக் கொடுத்தேன். தகப்பனார் அதை வாங்கி, நன்றி என்று சொல்வதற்கு முன்பே சட்டைப் பையில் கையை விட்டு அளவுகோலை எடுத்தார்.